ஒரே இழுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் வரையக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒரு கோடு. தாளின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, வலது ஓரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் ஸ்கேல் இல்லாமல் சேர்க்க வேண்டும். மயில், யானை, விநாயகர் என்று எதைக் கொடுத்தாலும் பார்த்துப் போட்டுவிடுகிற பிள்ளைகள் இந்த ஒரு கோட்டுக்கு முன்னால் திணறிப்போவார்கள். பென்சிலை அழுத்தி ஊன்றி அரை அங்குலம் இழுப்பார்கள். நிறுத்துவார்கள். கொஞ்சம் பின்னால் வந்து, ஏற்கெனவே போட்டதன் மேலேயே தடவிவிட்டு, மறுபடி அரை அங்குலம். போய்ச் சேரும்போது அது கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் மயிராக இருக்கும். "நேராத்தானே சார் இருக்கு" என்பார்கள். நேராகத்தான் இருக்கிறது, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தும் இருக்கிறது. ஆனால் வழிநெடுகப் பயந்துகொண்டே போயிருக்கிறது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். படம் வராது என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கோடு ஏன் நடுங்குகிறது? கை நடுங்குவதால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையின் கை எதற்கு நடுங்கப்போகிறது? 1899இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் கையசைவின் துல்லியம் குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். சுழலும் உருளையில் சுற்றிய தாளில், மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் தட்டுக்குத் தகுந்தபடி ஒரே நீளமுள்ள கோடுகளைத் திரும்பத் திரும்பப் போட வைத்துப் பார்த்தார். மெதுவாகப் போடும்போது கண் திறந்திருந்தால் பிழை குறைந்தது. வேகம் கூடியபோது கண்ணைத் திறந்து போட்டாலும் மூடிப் போட்டாலும் பிழை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதிலிருந்து அவர் சொன்னது: ஓர் அசைவுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் கை ஒரு வீச்சாகப் புறப்பட்டுவிடுகிறது. அந்த வீச்சு புறப்படுமுன்பே தீர்மானமாகிவிட்டது. பிறகு கண் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறது. வேகமாகப் போனால் கண் திருத்துவதற்கு நேரமில்லை.

படம் போடுகிறவருக்கு இதில் பெரிய விஷயம் இருக்கிறது. நெளிந்து நெளிந்து போகும் கோட்டில் நாம் பார்ப்பது திருத்தங்களின் வரிசை. ஒவ்வொரு நெளிவிலும் கண் குறுக்கிட்டு "இந்தப் பக்கம், இல்லை அந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. எங்கே போகிறோம் என்பதைப் போகும் வழியில் முடிவு செய்துகொண்டிருந்தால் கோடு அப்படித்தான் வரும். முதலிலேயே முடிவு செய்துவிட்டு, புறப்பட்ட பிறகு குறுக்கிடாமல் விட்டால் கோடு வழவழவென்று வரும். இலக்கைத் தவறவிடலாம், கால் அங்குலம் மேலே போகலாம். போகட்டும். வழவழப்பு முதலில் வரட்டும், குறி பிறகு வரும் என்பது என் கட்சி. ஓவிய ஆசிரியர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். ஆனால் வீசிப் போட்டுத்தான் வீச்சு பழகும். தடவித் தடவிப் போட்டால் தடவுவது மட்டும்தான் பழகும். ஒட்டுப்போட்ட கோடுகளாகவே போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் திடீரென்று முழுக்கோட்டுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை.

அதனால் பயிற்சி இப்படி இருக்கும். பென்சில் வேண்டாம், பால்பாயிண்ட் பேனா. நல்ல தாளும் வேண்டாம், ஒரு பக்கம் அச்சான தாள்களோ பழைய செய்தித்தாளோ போதும். இரண்டு புள்ளி வை. தாளை உனக்கு வாகாகத் திருப்பிக்கொள். பேனா முனையைத் தாளுக்கு ஒரு நூல் மேலே நிறுத்தி, காற்றிலேயே இரண்டு மூன்று முறை போய்வா. மணிக்கட்டை ஊன்றாதே, ஊன்றினால் அதுவே மையமாகிக் கோடு வில்லாக வளையும். அசைவு தோளிலிருந்து வரட்டும். பார்வை பேனா முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேரும் புள்ளியில் இருக்க வேண்டும். தயாரா? இழு. நடுவில் நிற்காதே. தப்பாகப் போனாலும் முடி. முடித்த கோட்டை அழிக்காதே, அதன் மேல் இன்னொன்று போட்டு மறைக்காதே. பக்கத்தில் புதிதாக இரண்டு புள்ளி வை.

எழுதிப் பார்க்கும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கட்டளை, முடித்ததை அப்படியே விடு என்பது, பிள்ளைகளுக்கு வலிக்கும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நல்ல கண் உள்ளவள், அளவு தப்பாது. கோடு மட்டும் முழுக்க ஒட்டு. "ரப்பர் இல்லாம எப்படி சார் போடறது?" என்று கேட்டாள். உங்க வீட்டில் ரப்பர் இல்லாமல் யாரும் எதுவும் வரைவதில்லையா என்று கேட்டேன். யோசித்தாள். "எங்க ஆயா மார்கழியில வாசல் பூரா போடும் சார். அழிக்கவே அழிக்காது." அப்படியானால் நாளை விடியற்காலையில் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து, கோலம் போடும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வா என்றேன். அடுத்த வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "மாவப் பாக்கல சார். அடுத்த புள்ளியத்தான் பாக்குது."

கோலத்தைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது, அதன் கணக்கைப் பற்றியும் சடங்கைப் பற்றியும். கோடு போடும் வேலையாக அதைப் பார்த்து எழுதியது குறைவு. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மாவை எடுத்து, ஆட்காட்டி விரலைச் சற்று வளைத்து, அந்த வளைவின் வழியே மாவைச் சரியவிடுகிறார்கள். விரல் தரையைத் தொடுவதில்லை. அதனால் ஊன்றிக்கொள்ள இடமே இல்லை. குனிந்த முதுகும் தோளும் சேர்ந்துதான் கோட்டை நகர்த்துகின்றன. கை ஓரிடத்தில் தயங்கினால் மாவு தயங்காது, அங்கேயே குவிந்துவிடும். அவசரப்பட்டால் கோடு இளைத்து அறுந்துபோகும். ஆக, கையின் வேகம் மாறாமல் இருந்தால்தான் இழை சீராக இருக்கும். புள்ளிகளை முதலிலேயே வைத்துவிடுவது இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே போவது என்ற கவலையை முழுதாக அங்கே தீர்த்துவிட்டு, பிறகு கையைக் கோட்டுக்கு மட்டும் ஒப்புக்கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் வைணவ ஆசாரியர்களான நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர். மார்கழியில் வீரநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தால், ஒரு கலைப்பள்ளியின் ஆண்டுக் கண்காட்சியில் இருப்பதைவிட அதிகமான உறுதியான கோடுகள் தரையில் கிடக்கின்றன. கோயிலுக்குள் நெற்றிகளைப் பார்க்கலாம். உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்து அன்றாடம் நெற்றியில் இட்டுக்கொள்கிற முதியவருக்கு அது வழிபாடு. கோடு போடக் கற்பிக்கிற எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஈர மண் உலர்வதற்குள் முடிக்க வேண்டிய கோடு அது, அவருடைய வாழ்நாள் முழுவதும் ஒரு நாளும் விடாமல் போடப்பட்ட கோடு.

நேர்கோடு ஓரளவு வந்த பிறகு நீள்வட்டம். பெட்டி, கூம்பு, உருளை என்று அடிப்படை வடிவங்களுக்குள் போகும்போது மாட்டிக்கொள்ளும் இடம் உருளையின் வாய். பக்கங்கள் இரண்டு நேர்கோடுகள்தான், அவை வந்துவிடும். வாயைப் போடும்போது பழைய தயக்கம் முழுதாகத் திரும்பும். வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் போடுவதால் இரண்டு முனையும் கூராகிவிடும். நீள்வட்டத்துக்குக் கூர் கிடையாது, எவ்வளவு ஒடுங்கினாலும் முனை உருண்டுதான் திரும்பும். நிறுத்தாமல் சுற்றுகிற கைக்கு இது தானாக வரும். நிறுத்தி நிறுத்திப் போகிற கைக்கு ஒருநாளும் வராது. அதனால் காற்றில் சுற்றிக்கொண்டே கையை மெல்ல இறக்கி, தாளைத் தொட்ட பிறகும் நிறுத்தாமல், பேனாவை எடுக்காமல் இரண்டு சுற்று சுற்றச் சொல்வேன். இரண்டு சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் பரவாயில்லை.

உருளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் மிகப்பெரிய மாதிரிகள் இருந்தன. எங்கள் வீராணம் ஏரியின் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோக 1970களில் வேலை நடந்து, பாதியில் நின்றுபோன திட்டத்தின் கான்கிரீட் குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தினார்கள். புதிய வீராணம் திட்டத்தில் 2004இல்தான் தண்ணீர் சென்னைக்குப் போனது. இங்கே நடுவயதைத் தாண்டிய யாரிடமும் உருளை என்றால் விளக்க வேண்டியதில்லை, "வீராணம் குழாய்" என்றால் போதும். அந்தக் குழாய்க்கு நேரே நின்றால் வாய் முழு வட்டம். பக்கவாட்டில் நகர நகர வட்டம் ஒடுங்கும். முழுக்கப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் வாய் என்பது ஒரு செங்குத்துக் கோடு. இன்னொன்றும் உண்டு, புத்தகத்தில் படித்தால் நம்பச் சற்றுக் கடினமானது: நம்மிடமிருந்து விலகிப் போகிற உருளையில் தூரத்து வாய் அளவில் சிறியதாக இருந்தாலும், பக்கத்து வாயைவிட வட்டத்துக்குக் கூடுதல் நெருக்கமாக இருக்கும். பார்வை தூரத்து வாயை இன்னும் நேராகச் சந்திக்கிறது என்பதால். இப்போது பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இருப்பது பிளாஸ்டிக் டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும்தான். அவற்றிலும் இது தெரியும். மறைந்திருக்கும் அடிவட்டத்தையும் முழுதாகப் போடு என்பேன். கண்ணுக்குத் தெரிகிற பாதியை மட்டும் போட்டால் கை நடுவில் நின்றுவிடும், நின்ற இடத்தில் கோடு சாகும்.

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரே வாசலாக நெடுங்காலம் இருந்தது அரசுத் தொழில்நுட்பத் தேர்வு. "டிராயிங் லோயர், ஹையர் முடிச்சிருக்கேன்" என்று சொல்கிறவர்களை எந்த ஊரிலும் சந்திக்கலாம். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங் என்று அந்தப் பாடத்துக்குப் பெயர். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் காலத்திலிருந்து வருகிற, எல்லைக்கோட்டை முதலில் கற்பிக்கும் முறையின் வழிவந்தது. பழைய முறை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். ஸ்கேல் இல்லாமல் கோடு போடச் சொன்னதும், படத்தைப் பார்த்துப் போடாமல் எதிரே ஒரு பொருளை வைத்துப் போடச் சொன்னதும் நல்ல காரியங்கள். அதற்குத் தயார் செய்கிற விதத்தில்தான் கோடு வீணாகிறது. தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஒன்றே பெரிதாகி, மெல்லிசாக நூறு கோடு போட்டு, ரப்பரால் தேய்த்து, எஞ்சியதன் மேல் அழுத்தி ஒரு கோடு ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடைசிக் கோடு வரைந்தது ஆகாது, தடம் பார்த்து நகல் எடுத்தது.

பள்ளிக்கூடத்தில் இதைச் சரிசெய்யலாம். ஆனால் அங்கே ஓவிய வகுப்பு என்பது கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கப்படும் நேரமாகிவிட்டது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள்: வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகை உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கோட்டில் பயம் போயிருக்கிறதா என்று பார்க்க அதே பிள்ளையை வாரக்கணக்கில் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். தன் வேலையே அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் அந்தப் பொறுமையைக் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தயங்க இடமில்லாத கோட்டுக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. சிதம்பரம் இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். 1931இல் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதைக்குள் போய், நாயக்கர் காலப் பூச்சுக்குப் பின்னால் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். அவை எப்படி வரையப்பட்டன என்பதைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். ஈரச் சுண்ணாம்பின் மேல் வண்ணம் தீட்டிய வேலை என்பது அவர் முடிவு. சுண்ணாம்புப் பூச்சு உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது, வண்ணத்தையும் தன்னோடு சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. வரைகிறவருக்குக் கிடைப்பது அந்த ஈரம் இருக்கும் வரை. அதற்குள் போடாத கோடு சுவரில் பிடிக்காது. போட்ட கோட்டைத் திருத்த வேண்டுமானால் பூச்சையே பெயர்த்தெடுக்க வேண்டும். அந்தச் சுவரில் தில்லைக் கூத்தனை வழிபடும் காட்சி இருக்கிறது, வெள்ளை யானையில் கயிலைக்குப் போகும் சுந்தரர் இருக்கிறார். ஆடல்மகளின் முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கோட்டைப் புகைப்படங்களில் பார்த்தாலே போதும். எங்கே தடித்து எங்கே மெலிய வேண்டும் என்பது வரைகிறவருக்குத் தூரிகையை எடுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தத் தீர்மானம் சுவரில் இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை.

அச்சிலும் இதே மாதிரி ஒரு நெருக்கடி இருந்தது. 1950இல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அதன் முதல் காட்சி எங்கள் வீராணம் ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வந்தியத்தேவன். அவனுக்கு முகமும் உடலும் கொடுத்தவர் மணியம். பத்திரிகைப் படங்களைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து அச்சடித்த காலம் அது. லைன் பிளாக்குக்குக் கறுப்பும் வெளுப்பும் மட்டும்தான் தெரியும், நடுவில் சாம்பல் கிடையாது. மங்கலாக ஒரு கோடு போட்டு வைத்து, சரியா தப்பா என்று பார்ப்பவர் முடிவுக்கு விட்டுவிட முடியாது. குதிரையின் கழுத்து இங்கேதான் வளைகிறது என்று ஓவியர் சொல்லியாக வேண்டும். சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் நெருக்கமானதற்கும் இதில் பங்குண்டு. ஹாஃப்டோன் பிளாக்குக்கும் அதற்கேற்ற தாளுக்கும் காசில்லாதவர்களுக்கு லைன் பிளாக்தான் கட்டுப்படியானது.

இங்கே ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லாமல் போக முடியாது. இதுவரை நான் சொன்னதை அவர் கோடுகள் கொஞ்சம் கலைத்துப் போடுகின்றன. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் வழவழப்பான கோடு எங்கே இருக்கிறது? சிறுசிறு கீறல்கள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, சிக்கலாகி, முடிச்சாகி, அதற்குள்ளிருந்து ஒரு கிழவரின் முகம் வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் என்னிடம் வரும் பிள்ளையின் மயிர்மயிரான கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உற்றுப் பார்த்தால் தெரியும். பிள்ளையின் இரண்டாவது கீறல் முதல் கீறலை மறைக்க வருகிறது. ஆதிமூலத்தின் இரண்டாவது கீறலுக்குப் போக வேறொரு இடம் இருக்கிறது. ஒவ்வொன்றும், அரை அங்குலமே இருந்தாலும், தனியாகப் புறப்பட்டுத் தனியாக முடிந்திருக்கிறது. எதற்கும் வருத்தமில்லை. அதனால் உறுதி என்று சொல்லும்போது வழவழப்பையோ நீளத்தையோ நான் கடைசி அளவுகோலாக வைப்பதில்லை. கற்கும்போது அவை கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள், அவ்வளவுதான். முன்னே போட்ட கோட்டோடு அடுத்த கோடு சண்டை போடுகிறதா, சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன்.

ஓவியர் கோபுலுவுக்கு முதுமையில் பக்கவாதத்தால் வலது கை இயங்காமல் போனது. ஆனந்த விகடன் வாசகர்களுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்த கை அது. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் படித்த அவர், 'தில்லானா மோகனாம்பாள்' தொடரின் மோகனாம்பாளுக்கும் சண்முகசுந்தரத்துக்கும் உருவம் கொடுத்தவர். அவர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டு மறுபடி வேலை செய்தார். கை மாறியும் ஓவியர் மாறவில்லை என்றால், கோடு விரலில் இருக்கிறது என்று நாம் நம்புவதில் பாதி தவறு. விரலுக்குப் பின்னால் எங்கோ அது தீர்மானமாகிறது. அந்தத் தீர்மானம் அறுபது ஆண்டு வேலையில் அவருக்குச் சேர்ந்திருந்தது. பாதை மட்டும் அடைபட்டது, வேறு பாதை போட்டுக்கொண்டார்.

"எனக்குக் கை வராது சார்" என்று சொல்கிற பிள்ளைகளிடம் பேனாவை இடது கைக்கு மாற்றச் சொல்லிப் பார்க்கிறேன். அதே இரண்டு புள்ளி, அதே கோடு. சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். கோடு எங்கெங்கோ போகும், ஆனால் நிற்காமல் போகும், ஒட்டு இருக்காது. இடது கையில் போடும்போது யாரும் ரப்பர் கேட்டு நான் பார்த்ததில்லை, நன்றாக வர வேண்டும் என்று அந்தக் கையிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறகு பேனாவை வலது கைக்கு மாற்றினால் முதல் நாலைந்து கோடுகள் அருமையாக வரும். ஒன்று மிகவும் நன்றாக வந்துவிடும். அதைப் பார்த்தவுடன் அடுத்ததும் அப்படியே வர வேண்டும் என்ற ஆசை பிறந்து, கண் மறுபடி பேனா முனைக்கு இறங்கிவிடும். தாளைத் திருப்பி வைத்து, புதிதாக இரண்டு புள்ளி வைக்கச் சொல்வேன்.